ஒரு ஸ்பூன் மகரந்தம்

அவசர சிகிச்சை அறையின் வெள்ளை வெளிச்சத்தில் குழந்தையின் முகம் வீங்கிக் கிடக்கிறது. ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீராகிறது. ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் ஆவி படிந்து படிந்து மறைவதையே தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "என்ன கொடுத்தீங்க?" என்கிறார் டாக்டர். நாத்தனார் கைப்பையிலிருந்து மஞ்சள் மணிகள் நிறைந்த பாட்டிலை எடுக்கிறாள். "தேனீ மகரந்தம் டாக்டர். சத்துக்குன்னு பால்ல ஒரு ஸ்பூன் கலந்தேன். இயற்கையானதுதானே, என்ன பண்ணிடும்?" "அலர்ஜி வந்தா மூச்சையே அடைச்சிடும்மா. இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா..." டாக்டர் சொல்லி முடிக்கவில்லை. "வீசிங் இருக்கிற பிள்ளை, வேண்டாம்னு காலையிலயே கும்பிட்டுக் கேட்டேனே!" என்று தாய் வெடிக்கிறாள். கணவன் அவள் தோளை அழுத்துகிறான். "விடு. அக்காவே பாவம், பயந்துபோயிருக்கா." குழந்தையின் பக்கம் திரும்பாமலே, அக்காவுக்குத் தண்ணீர் வாங்கக் கிளம்புகிறான்.