வலது பக்கம் பாடாத பிளேயர்

"இதுவும் வலது பக்கம் ஊமைங்க" என்று சொல்லி, தினகரன் இயர்போனைக் கழற்றிக் கண்ணாடி மேசைமேல் வைத்தான்.

இது மூன்றாவது எம்பி3 பிளேயர்.

கடையில் நின்ற கோகிலவாணி பொறுமைசாலி. குன்னூர் மார்க்கெட்டில் கடை வைத்துப் பிழைப்பவளுக்குப் பொறுமை இல்லாமல் ஆகுமா? மூன்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு இன்னொரு பெட்டியைப் பிரித்தாள்.

பிளேயர் மகள் வர்ஷாவுக்கு. போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வுக்காக விடிந்ததும் வெலிங்டன் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கிறாள். போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடினால் அது தவளை மாதிரி குதிக்கிறதாம். தீப்பெட்டி அளவில், இடுப்பில் கவ்விக்கொள்கிற மாதிரி, வியர்வை பட்டாலும் கெடாத ஒன்று போதும் என்றாள். கேத்தியில் இருக்கும் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும்போதும் கேட்டுக்கொள்ளலாம். திரை வைத்தது வேண்டுமா என்று கோகிலவாணி கேட்டதற்கு வர்ஷா சிரித்தாள். மூச்சு வாங்க ஓடுகிறவள் எங்கே திரையைப் பார்ப்பது?

ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் தினகரனுக்கு மனசு வந்தது. கேரட் லோடு அடிக்கும் பிக்கப் வண்டியின் சாவி நேற்றுத்தான் அவன் கைக்குத் திரும்பி வந்திருந்தது.

போன மாதம் பனிமூட்டத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில், எதிரே வந்த பைக்கும் அவன் வண்டியும் மோதிக்கொண்டன. பைக்கில் வந்த விஜயபாஸ்கருக்கு அருவங்காடு ஃபேக்டரியில் வேலை. ஒரு காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். தப்பு யாருடையது என்று தெரியும்வரை முதலாளி தினகரனிடம் வண்டியைத் தரவில்லை. இன்னொரு லாரியில் மூட்டை தூக்க அனுப்பினார். பதினெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன், ஒரு மாதம் மேட்டுப்பாளையத்துக்கு மூட்டைமேல் உட்கார்ந்து போய்வந்தான்.

கடைசியில் வேன் ஸ்டாண்டில் வைத்துப் பேசி முடித்தார்கள். வளைவில் ஹாரன் அடிக்காமல் வந்தது பைக்காரன் தப்பு. பனி இறங்கிவிட்டால் மலையில் கண்ணுக்கு மதிப்பில்லை, ஹாரனுக்குத்தான் மதிப்பு. அடிக்காதவன் தலையெழுத்து அவனோடு.

அப்பாடா என்றிருந்தது தினகரனுக்கு. அந்தச் சந்தோஷத்தில்தான் மகளை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தான். ஆனால் சோதிக்காமல் எதையும் வாங்கமாட்டான். டயரைக்கூட நாலு தட்டு தட்டிப் பார்த்துத்தான் எடுப்பான்.

"இது நேத்து வந்த பீஸுங்ணா. சவுண்ட ஃபுல்லா வச்சிருக்கேன், கேளுங்க" என்று கோகிலவாணி நாலாவதை நீட்டினாள்.

இடது காதில் தப்பும் தவிலும் போட்டு உடைத்தன. வலது பக்கம் ஒன்றுமில்லை.

"ஏனுங்க, கடையில இருக்கறதெல்லாம் இப்படித்தானுங்களா?" என்றான் சத்தமாக. பக்கத்தில் சார்ஜர் வாங்க நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். தினகரனும் சிரித்தான்.

வர்ஷா சிரிக்கவில்லை. அவன் காதிலிருந்து இரண்டையும் உருவி, தன் காதில் ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டாள். பிறகு அவன் வலது காதில் வைத்திருந்ததை எடுத்து அவனுடைய இடது காதில் செருகினாள்.

ஊமை என்று அவன் ஒதுக்கியது, காது கிழியப் பாடியது.

இடது காதில் பாடியதை எடுத்து வலது காதில் வைத்தாள். அது செத்துப்போனது.

தினகரன் எச்சில் விழுங்கினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றை அழுத்தினான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவந்தால் காது அடைக்கும், விழுங்கினால் டப்பென்று விட்டுவிடும். மலையில் இருப்பவர்களுக்கு இது தும்மல் மாதிரி. அவனுக்கு மூன்று மாதமாக வலது காது மட்டும் விடவில்லை. தினமும் ஏறி இறங்குகிறவனுக்கு எப்படி விடும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டான். படுபாவி, ஒரே ஒரு நாள் டாக்டரிடம் காட்டியிருக்கக் கூடாதா?

இன்னொரு தரம் விழுங்கினான். விழுங்க எச்சில் இல்லை.

வர்ஷா வலது பக்கம் நின்று ஏதோ கேட்டாள். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவன் முகத்தைத் திருப்பிய பிறகுதான் கேட்டது.

"எப்ப இருந்துப்பா இப்படி?"

டிரைவர் சீட்டு வலது பக்கம். மோதிய அன்றைக்கு ஜன்னல் கண்ணாடி முழுக்க இறங்கியிருந்தது. பைக்கும் வலது பக்கமாகத்தான் வந்தது.

பேசி முடித்த அன்று ஸ்டாண்டில் அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் விஜயபாஸ்கரின் மனைவி ராஜி கையெடுத்துக் கும்பிட்டாள். ரெண்டு தடவை ஹாரன் அடித்தேன் என்று ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனுஷன் சொல்கிறார், அவர் பொய் சொல்லமாட்டார் என்றாள். எல்லோரும் தினகரன் முகத்தைப் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார்.

அவன் கற்பூரம் கேட்கவில்லை, கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. சோறு கொண்டுவந்து பக்கத்தில் நின்ற வர்ஷாவை இழுத்து, அவள் உச்சந்தலையில் கையை வைத்தான். ஹாரன் அடித்தது நிஜமானால் அதே கால் என் பிள்ளைக்கும் போகட்டும் என்றான்.

அதோடு பேச்சு முடிந்தது. பெற்ற பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியவனிடம் அதற்குமேல் யார் என்ன கேட்பது? ராஜிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

"இதையே பேக் பண்ணிரட்டுங்களா?" என்றாள் கோகிலவாணி.

இயர்போன் வயர் வர்ஷாவின் முடியில் சிக்கிக்கொண்டிருந்தது. எடுத்துவிடத் தினகரனின் கை போனது. தலைக்கு ஒரு சாண் மேலே போய் நின்றுவிட்டது. தொடப் பயமாக இருந்தது அவனுக்கு.

வர்ஷா அந்தக் கையையே பார்த்தாள். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.