லேஸ் கட்டும் நேரம்

“ஒரு சப்பாத்துக்கு லேஸ் கட்ட எத்தனை நிமிஷம் வேணும், காக்கா?”

எல்லைக் கோட்டருகே நின்ற வினாயகமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

ஐஸ்பழப் பெட்டியோடு பக்கத்தில் நின்ற கச்சி முகம்மது காக்கா மைதானத்தை எட்டிப் பார்த்தார். பந்து வீசவேண்டிய வெல்லாவெளிப் பெட்டை குந்தியிருந்து லேஸ் கட்டினாள். கட்டியதை அவிழ்த்தாள். மறுபடியும் கட்டினாள்.

“நமக்கென்ன ஐயா? ஆட்டம் நிண்டாத்தான் ஐஸ்பழம் ஓடும். ஆறுதலாக் கட்டட்டும் புள்ள.”

வினாயகமூர்த்திக்கு வயிறு எரிந்தது. கொக்கட்டிச்சோலைப் பெண்களுக்கும் வெல்லாவெளிப் பெண்களுக்கும் மென்பந்து கிரிக்கெட் இறுதியாட்டம். வெல்கிற அணி கொழும்புக்குப் போகும். கொக்கட்டிச்சோலைக்கு ஆடும் அவருடைய மகள் யசோதினிக்கு அடுத்த வருடம் வயது கடந்துவிடும். இன்று விட்டால் கொழும்பு இல்லை.

யசோதினி சற்றுமுன்தான் மூன்று பந்தில் மூன்று பவுண்டரி அடித்திருந்தாள். இனி ஒன்பது பந்தில் பத்து ஓட்டம். கைக்கெட்டிய தூரம்.

அந்த நேரம் பார்த்துத்தான் வெல்லாவெளிப் பயிற்றுநர் பிரஷாந்தி கோட்டுக்கு வெளியே நின்று கையைத் தூக்கினாள். உடனே லேஸ் அவிழ்ந்துவிட்டது. எல்லாம் கடவுள் சித்தம்.

“தம்பி ரதீஸ்! நீ என்ன நடுவரா, கோயில் சிலையா?” என்று கத்தினார் வினாயகமூர்த்தி.

“லேஸ் அவிழ்ந்தாக் கட்டத்தானே வேணும், ஐயா!”

ஒருவழியாகப் பந்து வந்தது. யசோதினி மட்டையை வீசினாள். படவில்லை.

பிரஷாந்தி மறுபடியும் கையைத் தூக்கினாள்.

“அண்ணே, பந்து ஈரம். மாத்தித் தாங்க” என்றாள் பந்து வீசுகிறவள்.

மழை பெய்து ஒன்றரை மாதம். ரதீஸ் பந்தைத் தடவிப் பார்த்தான், அமத்திப் பார்த்தான், கடைசியில் வேறு பந்துக்கு ஆள் அனுப்பினான். போன ஆள் நல்ல நிதானமான ஆள். யசோதினி மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றாள், குந்தினாள், எழும்பினாள். புதுப் பந்து வந்தது. அதுவும் படவில்லை.

அடுத்தது பந்து வீசுகிறவள் ஆட்களை இடம் மாற்றும் படலம்.

“டிலக்சி, நீ அங்கால போ! இன்னும் அங்கால! இல்ல, இல்ல, முந்தி நிண்ட இடமே நல்லம்!”

டிலக்சி திரும்பி வருவதற்குள் விக்கெட் காப்பவளின் கண்ணில் தூசு விழுந்தது. மூன்று பேர் சேர்ந்து ஊதினார்கள். நாலாவது ஆள் வந்து எந்தக் கண் என்று விசாரித்தாள்.

“அப்பா, என்ன நடக்குது?” யசோதினியின் குரல் உடைந்திருந்தது.

“அவளுகளப் பாக்காத மகள்! நீ அடி!”

இருந்த ஆத்திரத்தையெல்லாம் கூட்டி அடித்தாள். பந்து வாவிக் காற்றில் உயர எழும்பி, முந்தி நின்ற இடத்திலேயே நின்ற டிலக்சியின் கையில் இறங்கியது.

மிச்சப் பெட்டைகள் கடைசி ஓவரில் ஐந்து ஓட்டம் எடுத்தார்கள். நாலு ஓட்டத்தால் தோல்வி. யசோதினி மட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டாள்.

வினாயகமூர்த்தி மைதானத்தைக் குறுக்கறுத்துக்கொண்டு போனார். பிரஷாந்தி தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏய் பிள்ளை! அடிக்க வாற பிள்ளைய நிக்க வெச்சு, குந்த வெச்சு, மனசு விட்டுப்போகப் பண்ணுறதெல்லாம் ஒரு விளையாட்டா? எந்தக் கேடுகெட்டவன் உனக்கு இதச் சொல்லித் தந்தவன்?”

“அப்பிடிச் சொல்லாதீங்க சேர். அவர் எனக்குக் குரு மாதிரி.”

“ஆளாரெண்டு சொல்லு, நான் கேக்கிறன் அவனிட்ட!”

“புளியந்தீவில, உங்கட கந்தோரிலதான் சேர். ரெண்டாம் கவுண்டர்.”

அந்த அரசாங்க அலுவலகத்தின் இரண்டாம் கவுண்டரில் இருபத்திரண்டு வருடமாக வினாயகமூர்த்தியைத் தவிர வேறெவரும் இருந்ததில்லை.

“எங்கட பிள்ளையளுக்குப் பழக ஒரு மைதானம் கேட்டு, கடிதத்தோட ஓடி வந்தன் சேர். போட்டோக் கொப்பி இல்ல எண்டீங்க. கொண்டு வந்தன். இது பழைய போம் எண்டீங்க. புதுசு நிரப்பினன். மறுகா நீங்க தேத்தண்ணிக்குப் போயிட்டீங்க. மறுகா சீல் இருக்கிற அலுமாரித் திறப்பக் காணல்ல எண்டீங்க. ஒருநாளும் தரமாட்டன் எண்டு நீங்க சொல்லல்ல. ஏழாந்தரம் பஸ்ஸில வரக்குள்ள, என்னத்துக்கு வாறன் எண்டதே எனக்கு மறந்து போச்சு. அண்டைக்குத்தான் யோசிச்சன், ஆர் அடிச்சு ஆடினாலும் இப்பிடி நிப்பாட்டலாம் எண்டு.”

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் வினாயகமூர்த்திக்குத் தாங்க முடியவில்லை.

“இப்ப எங்க பழகிறீங்க, அக்கா?”

திரும்பிப் பார்த்தார். யசோதினி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“வட்டைக்குள்ள தங்கச்சி, வெட்டின வயலில. விதைப்புத் தொடங்கினா அதுவும் இல்ல.”

யசோதினி தகப்பனைப் பார்த்தாள்.

“திங்கக்கிழமை காலையில வாங்க பிள்ளை. கையோட முடிச்சுத் தாறன்” என்றார்.

பிரஷாந்தி கடைசிப் போத்தலையும் பைக்குள் போட்டாள்.

“திங்கக்கிழமை போயா லீவு, சேர். கந்தோர் பூட்டு.”