ஒப்புதல்

புதிய சட்டப்படி, மாணவர்களின் பெற்றோரில் ஒரே ஒருவர் மறுத்தாலும் எந்தப் பாடத்தையும் வகுப்பில் நடத்த முடியாது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க வந்தவர்களைச் சாதி சொல்லி அடித்து விரட்டிய வரலாற்றுப் பாடம், செங்கோடனின் போனில் ஒப்புதலுக்கு வந்தது. அடித்தவர் அவருடைய அப்பா.

“வேண்டாம்னு அழுத்திப்போடுங்க. புள்ள மனசு ஒடைஞ்சுபோயிரும்” என்றாள் மனைவி தங்கமணி.

“புள்ள தெரிஞ்சுக்கட்டும்” என்று ஒப்புதல் கொடுத்தார் செங்கோடன்.

மறுநாள் மாலை, பள்ளி வாசலுக்கு அழுத கண்களோடு வந்தாள் மகள் இனியா.

“அடிச்சது நம்ம தாத்தாதானாப்பா?”

“ஆமா கண்ணு.”

“பாடத்துல பேரைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நானே எந்திரிச்சு, எங்க தாத்தான்னு சொல்லிட்டேன். என்கூடப் படிக்கிற மதிவதனியோட தாத்தாவைத்தான் அடிச்சாங்களாம். அவகிட்ட மன்னிப்பு கேட்டேன்.”

செங்கோடன் பெருமையோடு மகளின் கண்களைத் துடைத்துவிட்டார்.

“வா கண்ணு, அவங்க வீட்டுக்குப் போலாம். நானும் கேக்கோணும்.”