நூல் இல்லாத தையல்

போன மாதம் பறிபோன தையல் மெஷின், இன்று அரை மணி நேரத்துக்கு மட்டும் திரும்பி வந்து தையல்காரியின் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு தவணை நின்றதும் அதைத் தூக்கிப் போனவர்கள், மெஷினுக்காக அவள் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட மகளிர் குழுப் பெண்கள்தான். இப்போதும் அவர்களே சுமந்து வந்து, மூச்சு வாங்கியபடி சுவரோரம் நிற்கிறார்கள். குழு கடன் கொடுப்பதற்கென்று பணம் நன்கொடை தந்தவர்களுக்குப் படம் அனுப்ப வேண்டும். மெஷினில் ஒட்டியிருக்கும் அவர்கள் பெயரின் மேல் வெயில் பளபளக்கிறது. தையல்காரி மகளுடைய கிழிந்த சட்டையை ஊசிக்கடியில் வைக்கிறாள். "அக்கா, கொஞ்சம் நூல் இருந்தா குடுங்க. மெஷின் இருக்கறப்பவே பாப்பா சட்டைய தைச்சிக்கிறேன்." குழுத் தலைவி ஒட்டிய பெயரை விரலால் துடைக்கிறாள். "நூல் எதுக்குடி? படத்துல நூலா தெரியப் போகுது? சும்மா ஓட்டு." புகைப்படக்காரர் மண்டியிடுகிறார். "கொஞ்சம் சிரிங்கம்மா. வாழ்க்கையே மாறிடுச்சில்ல?" அவள் சிரிக்கிறாள். கால் தானாக மிதியை அழுத்துகிறது. மெஷின் கடகடக்கிறது. விரல்கள் பழக்கம் மாறாமல் கிழிசலின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து, தோள் வளைவில் பதமாகத் திருப்புகின்றன.

"போதும், தூக்குங்க" என்கிறாள் தலைவி. மெஷின் வாசலைத் தாண்டுகிறது. தையல்காரி சட்டையை ஜன்னலுக்கு நேராக விரிக்கிறாள். வாய் பிளந்த கிழிசலின் இரு பக்கமும், இம்மி பிசகாத வரிசையில், ஊசித் துளைகள் வழியே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வருகிறது. கிளம்பிய புகைப்படக்காரர் திரும்பிப் பார்த்து நின்றுவிடுகிறார்.

"அப்படியே பிடிச்சிக்கங்கம்மா. இதுதான் ரொம்ப நல்லா இருக்கு."