ரைட்டு

காதில் மாட்டிவிட்ட கருவியோடு ஆதிகேசவன் உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா ஏதோ சொன்னாள்.

“ரைட்டு” என்றார்.

ரோலிங் மில்லில் பதினெட்டு வருஷம் இரும்பு அலறுவதைக் கேட்டுக் கேட்டு, போன வருஷமே அவர் காது ஓய்வு பெற்றுவிட்டது. அதன் இடத்தில் இந்த ஒரு வார்த்தைதான் வேலை பார்த்தது.

சட்டென்று சொன்னால், சரி. இழுத்துச் சொன்னால், பார்க்கலாம். தலையைச் சொறிந்துகொண்டே சொன்னால், தப்பு என்னுடையதுதான். கையை உதறிச் சொன்னால், ஆளை விடு. இரண்டு தடவை சொன்னால் கம்பெனி பஸ் கிளம்பிவிடும்.

எதிராளியின் முகத்தைப் பார்த்து, எந்த ரைட்டு என்று முடிவு செய்வார்.

சூப்பர்வைசர் பரசுராமன் தன் மாமியார் இறந்த சேதியைச் சொன்னபோது மட்டும், சட்டென்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பரசுராமன் அவரை உயிர் நண்பராக நடத்துகிறார்.

இன்னொரு ரைட்டுக்கு மூன்று ஷிப்ட் தொடர்ந்து நின்றார். எதற்குத் தலையாட்டினோம் என்பதை இடுப்புதான் பிற்பாடு எடுத்துச் சொன்னது.

இன்று வருஷாந்திர உடல் பரிசோதனை. காது கேட்காத காண்ட்ராக்ட் ஆளை இன்றோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அதே மில்லில் தரை துடைக்கிற அவர் மனைவி கன்னியம்மா கேட்டுவந்த சேதி இது.

தப்பிக்கும் வழியையும் அவளே கண்டுபிடித்திருந்தாள். ஒரு மாதமாக வீட்டில் தினமும் ஒத்திகை. நேற்றுகூட அவர் காதில் வாயை வைத்துக் கத்தினாள்.

“மிசின்ல செவப்பு லைட்டு எரிஞ்சா நான் மாப்பைத் தூக்குவேன், நீ கையைத் தூக்கு. நர்ஸம்மாவ வாய பொளந்து பாத்துக்கினு குந்தியிருக்காதய்யா!”

இப்போது அவள் நர்ஸம்மாவின் முதுகுக்குப் பின்னால், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பு எழுந்தது. கை எழுந்தது.

மாப்பு எழுந்தது. கை எழுந்தது.

நடுவில் அவள் அதை வாளியில் முக்கிப் பிழிவதற்காகத் தூக்கினாள். அவர் அதற்கும் கையைத் தூக்கினார். கன்னியம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.



நர்ஸம்மா நிமிரவே இல்லை. கைபேசியில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, மேஜைமேல் இருந்த தாள் அடுக்கிலிருந்து அவருடையதை உருவி நீட்டினாள்.

‘கேட்கும் திறன்: நார்மல்’ என்று அதில் முன்பே டைப் அடித்திருந்தது. நேற்றைய தேதி.

ஒரு மாதம் தூக்கிய கை வலித்தது.

அடுக்கில் அடுத்து இருந்த தாள், அவருக்குப் பக்கத்து மெஷினில் நின்ற ஸ்டீபனுடையது. பார்வை நார்மல். கேட்கும் திறன் நார்மல். நேற்றைய தேதி.

போன மாதம் ஸ்டீபனின் பெட்டியைக் கல்லறைக்குத் தூக்கிப்போன ஆறு பேரில் ஆதிகேசவனும் ஒருவர்.