இருசம்மாளின் மூக்கு

மூன்றாவது கிளாஸை மூக்கருகே கொண்டுபோன இருசம்மாள் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நிர்மலா, இதுல மண்ணெண்ண வாசன அடிக்குதுடி."

நிர்மலாவுக்கு வெட்கமாகப் போயிற்று. ஜெர்மனியில், மோசல் ஆற்றங்கரையில், தலைமுறை தலைமுறையாக ஒயின் செய்கிற ஒரு குடும்பத்தின் நிலவறையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிற பேச்சா இது?

அவள் அந்த நாட்டில் நர்ஸ். சங்கராபுரம் பக்கத்தில் கரும்பு வெட்டும் அம்மாவையும் அப்பாவையும் முதல் தடவையாக விமானம் ஏற்றி வரவழைத்திருந்தாள். கூட வேலை செய்பவர்கள் சேர்ந்து மூன்று பேருக்கும் இந்தச் சுற்றுலாவுக்கு டிக்கெட் எடுத்துத் தந்திருந்தார்கள். படகில் போய், திராட்சைத் தோட்டம் பார்த்து, ஒயினை ருசித்துவிட்டு வரலாம்.

தோட்டத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னாடி இது, வெள்ளிமலைக்குப் போற ரோடு மாதிரியே இருக்குது!" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சரிவில் விடுவிடுவென்று ஏறினாள். கூட வந்த வெள்ளைக்காரர்கள் மூச்சு வாங்கினார்கள்.

குடிக்கமாட்டேன் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டாள். முகர்ந்து பார்த்தால் போதும் என்றாள் நிர்மலா. அப்பா வேடியப்பன் திராட்சை ஜூஸ் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

முதல் கிளாஸில் எலுமிச்சை இலையைக் கசக்கின வாசனை என்றாள் அம்மா. இரண்டாவதில், வெல்லம் காய்ச்சும் கொப்பரைக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி. நிர்மலா ஜெர்மனில் சொல்லச் சொல்ல, நீள மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்துத் தலையாட்டினார்கள்.

மண்ணெண்ணெயை எப்படிச் சொல்வது?

தோட்டத்து முதலாளி விடவில்லை. அறுபது வயதிருக்கும், சிவந்த முகம். அம்மா என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொன்னாள்.

அவர் மேஜையை ஓங்கித் தட்டினார். நல்ல ஒயின் பல வருடம் பாட்டிலில் கிடந்தால் வருகிற வாசனையாம் அது. காலையிலிருந்து வந்து போன நாற்பது பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லையாம்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்புறம் அந்த இடமே ரெண்டுபட்டது. ஆளாளுக்குத் தங்கள் கிளாஸைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தார்கள். ஒரு பெண்மணி செண்ட் போட்ட மணிக்கட்டை நீட்டினாள். மனோரஞ்சிதம் என்றாள் அம்மா. ஒரு தாடிக்காரர் சட்டைக் கையை நீட்டினார்.

"இவரு வூட்ல நாய் இருக்குது."

ரெண்டு இருக்கிறது என்று அவர் கத்தினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஒரு சொட்டு உள்ளே போகாமலே போதை ஏறிவிட்டது அவளுக்கு. அம்மா இப்படிச் சிரித்து நிர்மலா பார்த்ததே இல்லை.

முதலாளி கீழே ஓடிப்போய்த் தூசி படிந்த ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். அவர் கல்யாணம் நடந்த வருடத்து ஒயின். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி, கடைசியாக அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மா முகர்ந்தாள். சிரிப்பு நின்றது. இன்னொரு முறை முகர்ந்தாள்.

"யாரும் குடிக்காதீங்க!"

தமிழில்தான் சொன்னாள். ஆனாலும் எல்லாக் கிளாஸும் பாதி வழியில் நின்றுவிட்டன.

"நனஞ்ச சாக்கு வாசன. கெட்டுப்போச்சு இது."

முதலாளி தன் கிளாஸை முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு திரும்ப முகர்ந்தார். தக்கையை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு மொத்தப் பாட்டிலையும் வாளியில் கவிழ்த்தார். தக்கை கெட்டால் இப்படி ஆகுமாம். அவருக்கே தெரியாமல் போய்விட்டதாம்.

அம்மாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவர் ஏதோ கேட்டார்.

நிர்மலா அதை மொழிபெயர்க்கவில்லை. "பாராட்டுறாரும்மா" என்று மட்டும் சொன்னாள்.

வேடியப்பன் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா எங்க கத்துக்கிச்சுன்னு கேக்கறாரா?"

நிர்மலா எழுந்திருக்கப் பார்த்தாள்.

"என்னாண்டன்னு சொல்லு."

"வேணாம்ப்பா."

"சொல்லும்மா. தெனமும் கதவத் தொறந்ததும் மொதல்ல என் வாயத்தான் மோந்து பாக்கும். எவ்ளோ குடிச்சேன், எங்க குடிச்சேன், அடி விழுமா, உன்னப் பக்கத்து வூட்டுக்கு அனுப்பணுமா, எல்லாம் அதுலயே தெரிஞ்சிக்கும்."

"இப்ப இன்னாத்துக்கு அதெல்லாம்," என்று அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சிரித்த கண்ணீர் அவள் கன்னத்தில் இன்னும் காயவில்லை.

நிர்மலா ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்.

"ஒரு நாளு மத்தியானம், இது வேற வாசனன்னுச்சு. எனக்கு ஒண்ணும் இல்லன்னு கத்துறேன், வுடல. பஸ்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போச்சு. வெசச் சாராயம்னாங்க. பன்னெண்டு வருசம் ஆவுது. அதுக்கப்புறம் நான் தொடல."

கூடக் குடித்தவர்கள் யாராவது இருந்தார்களா என்று முதலாளி மெதுவாகக் கேட்டார். நிர்மலா அதை அப்பாவிடம் கேட்டாள்.

அவர் மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு பேரும் ஒண்டிக்கட்ட. வூட்ல மோந்து பாக்க ஆளு இல்ல."