மூடிய கடிதத்தின் பக்கங்கள்

முன்னாள் ஜனாதிபதி ஒருவரின் ஆவணங்களைக் காக்கும் நூலகத்தில் பழைய பெட்டிகளை வண்டியில் தள்ளுவது ஓடெலின் வேலை. நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர் அவர். ஒரு பெட்டியில் அம்மாவின் பெயர் கண்ணில் பட்டது. போருக்குப் போய்த் திரும்பாத ஓடெலின் அண்ணனைக் கேட்டு அவள் ஜனாதிபதிக்கு எழுதிய கடிதம். அதை எடுத்துப் பூட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரோஜா நிறத் தாளைச் செருகியிருந்தார்கள். அதில், கடிதம் இரண்டு பக்கம், எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை காட்டக்கூடாது என்று இருந்தது.

அம்மாவைப் புதைத்து முப்பது வருடம். இறப்புச் சான்றிதழ் கேட்டு எழுதிப்போட்டார். அது வந்து சேர்வதற்குள் தாளில் ஐந்து பக்கம் என்றிருந்தது.

"நீங்க மாத்துனீங்களா?" என்று ஆவண அதிகாரி மார்னியிடம் கேட்டார்.

"எனக்கு வேற வேலையில்லையா? காலையில பூட்டைத் திறந்து கடிதத்தை எண்ணினேன். இப்ப ஏழு." கடிதத்தைத் தொட்ட அவள் விரலில் காயாத நீல மை ஒட்டியிருந்தது. "அந்த ஜனாதிபதியே போய்ச் சேர்ந்துட்டார். சான்றிதழைக் குடுங்க ஓடெல். இறந்துட்டாங்கன்னு பதிஞ்சா இன்னைக்கே படிச்சிடலாம்."

ஓடெல் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார்.

"பதிஞ்சப்புறம் பக்கம் கூடுமா?"

மார்னி தன் விரலில் இருந்த மையைப் பார்த்தாள்.

"அப்ப இருக்கட்டும்மா. எங்கம்மா எழுதி முடிக்கட்டும்."